காவேரிப்பாக்கம் ஏரியில் கட்டிப் பார்த்து, கடலோரக் குப்பத்துக்குக் கொண்டுபோகும் மிதக்கும் வீடு: முழு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் கடல் இல்லை. மீனவக் குடும்பங்களுக்கான மிதக்கும் வீட்டைப் பற்றி இங்கிருந்து எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கடற்கரையில் இல்லாத இரண்டு வசதிகள் நம்மிடம் இருக்கின்றன. ஒன்று, இரும்பு வேலை தெரிந்த கைகள். ராணிப்பேட்டை சிப்காட்டைச் சுற்றி பாய்லர் உதிரிபாகம் செய்து பழகிய பட்டறைகள் எத்தனையோ உண்டு. இன்னொன்று, அலையடிக்காத ஏரி. காவேரிப்பாக்கம் ஏரி பழைய வட ஆற்காட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று, பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக நிரம்புகிறது. அந்தப் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. செய்து, சோதித்து, தவறைத் திருத்தி, அப்புறம் லாரியில் ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்ப இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் எண்ணம்.

மிதக்க வைப்பது இதில் எளிதான பகுதி. காற்றடைத்த பீப்பாய் எதுவும் மிதக்கும். அதை ஓரிடத்தில் கட்டி நிறுத்துவதும், வீட்டுக் கழிவு தண்ணீரில் கலக்காமல் பார்த்துக்கொள்வதும்தான் அதை வீடாக்குகின்றன. பெரும்பாலான திட்டங்கள் பணத்தை மேல்கட்டடத்தின் அழகில் கொட்டிவிட்டு இந்த இரண்டிலும் கோட்டை விடுகின்றன. நைஜீரியாவின் லாகோஸில், மக்கோக்கோ மீனவர் குடியிருப்பில், 256 பிளாஸ்டிக் பீப்பாய்கள் மேல் 2013-ல் ஒரு மிதக்கும் பள்ளி கட்டினார்கள், உலகம் முழுக்கப் புகழ் பெற்றது. 2016 ஜூனில் ஒரு கனமழையில் அது சரிந்து விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. மிதப்பது வேறு, நிலைப்பது வேறு.

முதல் படி: யாருக்கு, எந்தத் தண்ணீரில்

திறந்த கடலில் இந்த வீடு வேண்டாம். அலை உடைகிற இடத்தில் பீப்பாய்த் தளம் ஒரு புயலைக்கூடத் தாங்காது. கழிமுகம், காயல், உப்பங்கழி, அலைக்கு மறைவான ஏரி ஆகியவை மட்டும்தான் பொருந்தும். தமிழ்நாட்டில் பழவேற்காடு ஏரி முதலில் நினைவுக்கு வருகிறது, ஆனால் அது சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்கூடத் தேறாத ஏரி. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கோடையில் நீர் இறங்கி, வீடு சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் இடம் பார்க்கப் போகும்போது மழைக்காலத்தில் ஒரு முறையும் சித்திரை வைகாசியில் ஒரு முறையும் போங்கள். ஒரு மூங்கிலில் அளவு குறித்து ஆழம் பாருங்கள். கடைசி வறட்சியிலும் 60 செ.மீ. தண்ணீர் நிற்காத இடத்தைத் தள்ளிவிடுங்கள்.

அங்கே தொழில் செய்பவர்களிடம் கேட்காமல் எதையும் வரையாதீர்கள். வாடைக்காற்று எந்தப் பக்கத்திலிருந்து அறைகிறது, கச்சான் காற்று எந்த மாதம், வலைக்கழிகள் எங்கே நட்டிருக்கிறது, படகுப் பாதை எது என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், எந்த வரைபடத்திலும் இருக்காது. பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள். மீன் வாங்கி விற்கப் போகிறவர்கள் அவர்கள், விடியும் முன் கூடையோடு கரைக்குப் போய் வர வேண்டியவர்களும் அவர்கள்தான்.

இன்னொன்றையும் இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மிதக்கும் வீட்டைக் காட்டி மீனவர்களின் கரை நிலத்தை யாரும் வாங்கிவிடக் கூடாது. வலை காய வைக்கவும் படகு ஏற்றவும் மீன் உலர்த்தவும் கரை வேண்டும். வீடு தண்ணீரில் இருக்கிறது என்பதற்காகக் கரையில் இருக்கும் உரிமை போய்விடாது என்பதை ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானமாக எழுதி வைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். வியட்நாமின் ஹா லாங் விரிகுடாவில் தலைமுறைகளாக மிதந்து வாழ்ந்த மீனவக் குடும்பங்களை 2014-ல் கரையில் குடியேற்றினார்கள். மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் மிதக்கும் குடிசைகள் 2011-ல் எரிக்கப்பட்டன. தண்ணீர் மேல் இருப்பவர்களுக்குப் பட்டா கிடையாது, நகர்த்துவது எளிது.

இரண்டாம் படி: அனுமதி

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். கடலோரம், கழிமுகம், காயல் எல்லாம் 2019-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கீழ் வரும், நீர்ப்பரப்பும் அதில் அடக்கம். மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வழியாகப் போக வேண்டும். பழவேற்காடு பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே வனத்துறையும் உண்டு. நம் பக்கத்து ஏரியில் சோதிக்க, பெரிய ஏரியென்றால் நீர்வளத்துறை, சிறிய ஏரியென்றால் ஊராட்சி ஒன்றியம், அதோடு மீன் குத்தகை எடுத்தவர்கள். 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருப்பதால், இது தற்காலிகச் சோதனைத் தளம், இன்ன தேதிக்குள் கழற்றி எடுத்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்து எழுத்தாகவே அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஏரியில் இறக்காதீர்கள்.

மூன்றாம் படி: எடைக் கணக்கு

ஒரு குடும்பத்துக்கு 7 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத் தளம் போதும். அதில் சுமார் 18 சதுர மீட்டர் வீடு, மீதி வலை பழுது பார்க்கவும் படகு அணைக்கவும். எடையைக் கிலோவில் போடுவோம். இரும்புச் சட்டம் 900, பலகைத் தளம் 630, மூங்கில் தட்டிச் சுவரும் கூரையும் 600, தண்ணீர் 500, கழிப்பறைப் பீப்பாய்கள் 300, சோலாரும் பேட்டரியும் 150, பாத்திரம், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 500. ஆட்களுக்கு ஐந்து பேர் என்று போடாதீர்கள். காதுகுத்து, கல்யாணம், சாவு என்றால் கூட்டம் வரும், 15 பேர் என்று வைத்து 1,050 போடுங்கள். மொத்தம் 4,630 கிலோ.

200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று முழுக்க அமிழ்ந்தால் கிட்டத்தட்ட 200 கிலோ தாங்கும். தாங்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு மிதப்பு இருக்க வேண்டும், அதாவது கூட்டம் நிறைந்த நாளிலும் பீப்பாய் பாதிக்கு மேல் அமிழக் கூடாது. இதில் பேரம் பேசாதீர்கள். படுக்க வைத்த பீப்பாய்கள் வரிசைக்கு 7, மொத்தம் 8 வரிசை, ஆக 56. பீப்பாய்களின் சொந்த எடை சுமார் 500 கிலோ சேர்த்தால் மொத்தம் 5,130 கிலோ. 56 பீப்பாயில் 26 அமிழ்ந்தால் சமம், அதாவது 46 சதவீதம். தண்ணீருக்குள் 27 செ.மீ. போல இறங்கி நிற்கும்.

கடல் நீர் நன்னீரைவிட 2.5 சதவீதம் கனம் என்பதால் அங்கே கொஞ்சம் மேலே நிற்கும். அதை நம்பிக் கணக்கைக் குறைக்க வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் இறங்கும்போது காயல் நீர் நன்னீராகத்தான் இருக்கும். அதோடு உப்புத் தண்ணீரில் சிப்பியும் கொட்டலசும் பீப்பாயில் ஒட்டி எடை ஏறும்.

அடுத்து சாய்வு. 15 பேரும் ஒரே பக்கம் வந்து நின்றால் என்ன ஆகும்? 5 மீட்டர் அகலத் தளத்துக்கு நான் போட்ட கணக்கில் 2 பாகைக்குச் சற்று மேல் சாயும், அந்த ஓரம் சுமார் 10 செ.மீ. இறங்கும். பயப்பட ஒன்றுமில்லை. இதுவே 3 மீட்டர் அகலமாக இருந்தால் கதை வேறு, ஏனென்றால் நிலைப்புத்தன்மை அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. பணம் குறைந்தால் நீளத்தைக் குறையுங்கள், அகலத்தைக் குறைக்காதீர்கள். மாடி கட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: பீப்பாய் வாங்குவது

இதில் நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பழைய பீப்பாய் மலிவாகக் கிடைக்கும், அதில் பல ரசாயனம் வந்தவை. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று பார்த்த நாம், அந்த மாதிரிப் பீப்பாயை மீன் வளரும் தண்ணீரில் கொண்டுபோய் இறக்கலாமா? சமையல் எண்ணெய், பழக்கூழ் வந்த பீப்பாய் மட்டும் வாங்குங்கள். லேபிள் கிழிந்திருந்தால் வேண்டாம்.

மூடியை டெஃப்ளான் டேப் சுற்றி இறுக்குங்கள், ஆனால் விடியற்காலைக் குளிர்ச்சியில் செய்யுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சூடான பீப்பாயை மூடித் தண்ணீரில் போட்டால் உள்காற்று சுருங்கிப் பீப்பாய் ஒடுங்கிவிடும். மூடி இருக்கும் முனையில் இரண்டு துளைகளும் எதிரெதிராக இருக்கும், ஒன்று கீழே போகாமல் இரண்டும் ஒரே மட்டத்தில் வரும்படி படுக்க வையுங்கள். தெர்மாகோல் கட்டிகளை மிதவையாகப் போடும் பழக்கம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். உதிர்ந்து மீன் வயிற்றுக்குப் போகிறது.

ஐந்தாம் படி: சட்டமும் தளமும்

லாரியில் போக வேண்டும் என்பதால் தளத்தை 2.5 மீட்டர் அகலமுள்ள இரண்டு துண்டுகளாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு வரிசைப் பீப்பாய். வாலாஜாவிலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் சென்னை போய், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டில் இறக்கலாம். தண்ணீரில் வைத்துப் போல்ட் போட்டு இரண்டையும் இணைக்க வேண்டும்.

பட்டறையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை வாங்கி வெல்டிங் வைத்து, வெல்டிங் இடத்தில் வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுப்பது ஊர் வழக்கம். மாட்டுக்கொட்டகைக்கு அது சரி, உப்புக் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் அந்த இடத்தில்தான் துரு தொடங்கும். சாதா இரும்பில் எல்லா வெல்டிங்கும் எல்லாத் துளையும் முடித்துவிட்டு, அப்புறம் முழுத் துண்டையும் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். மூடிய குழாய்களில் காற்றுத் துளை விடாமல் முக்கினால் குழாய் வெடிக்கும், ஆளுக்கே ஆபத்து. தொட்டியின் நீளத்தை முதலிலேயே கேட்டுக்கொண்டு துண்டு வெட்டுங்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் வரும் போல்ட் எல்லாம் எஸ்.எஸ். 316 என்ற துருப்பிடிக்காத எஃகு.

பீப்பாய் மேலே தள்ளும், பக்கவாட்டில் நழுவும். மேல்சட்டம் தள்ளுவதைத் தாங்கிக்கொள்ளும், நழுவாமல் இருக்க ஒவ்வொரு வரிசைக்கும் இரு பக்கமும் தடுப்பும் நைலான் பட்டையும் வேண்டும். எந்தப் பீப்பாயையும் தனியாகக் கழற்ற முடிகிற மாதிரி அமையுங்கள். பழுதான பீப்பாயில் தண்ணீர் நிரப்பினால் மேலே தள்ளாது, பட்டையை அவிழ்த்து ஒரே ஆள் கீழ் வழியாக இழுத்து எடுத்துவிடலாம். பீப்பாய்கள் முழுக்கப் பலகைக்கு அடியில் நிழலில் இருக்கட்டும், வெயில் படும் பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும்.

சுவருக்கு மூங்கில் தட்டி, தாராளமாகத் திறக்கிற சன்னல். இரண்டு எதிர்ச்சுவர்களைப் புயலன்று கழற்றி வைக்க முடிந்தால் காற்று ஊடே போகும். இது பின்னால் வரும் கணக்கில் பெரிய உதவி.

ஆறாம் படி: கட்டி நிறுத்துவது

காற்று வேகம் மூன்று மடங்கானால் அது தள்ளும் விசை ஒன்பது மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. காற்றில் இந்த வீட்டின் நீளப் பக்கத்தில் விழும் விசை சுமார் 330 கிலோ எடைக்குச் சமம், இரண்டு கயிறு தாங்கும். 180 கி.மீ. காற்றில், அதாவது சென்னைக் கடற்கரைக் கட்டடங்களுக்கு இந்தியத் தர விதி சொல்லும் வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில், அது 3 டன். அப்போது தளமும் 6 பாகை வரை சாயும், காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கப் பீப்பாய்கள் முழுக்க முங்கும் நிலைக்கு வந்துவிடும். அலையையும் சேர்த்தால் கணக்கே போட வேண்டாம்.

சேறும் மணலுமான காயலில் நான்கு மூலையிலும் தூண் நட்டு, தூணைச் சுற்றிய வளையத்தில் வீடு ஏறி இறங்கும்படி செய்வதே நல்லது. நெதர்லாந்தில் மாஸ்போம்மல் என்ற ஊரில் ஆற்று வெள்ளத்தில் எழும்பும் வீடுகள் இப்படித்தான் தூண்களில் நிற்கின்றன. தூணுக்குச் சவுக்குக் கழி போதாது. வலை கட்ட அது நல்லது, ஆனால் உப்புத் தண்ணீரில் கப்பல் புழு அரித்துவிடும். காற்றுப் பக்கத்து இரண்டு தூண்கள் மட்டும் 3 டன்னைத் தாங்குவதாக வைத்தால், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 6 அங்குலக் குழாய் வளைந்துவிடும், 8 அங்குலக் குழாய் நிற்கும். எவ்வளவு ஆழம் நட வேண்டும் என்பதை மண் சோதனை செய்த பொறியாளர் சொல்லட்டும், இதில் ஊகம் கூடாது.

தூணின் உயரத்தைச் சாதாரண வெள்ளத்துக்குப் போடாதீர்கள். பாலாற்றில் 2021 நவம்பரில் வந்த தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வருடக்கணக்கில் மணலாகக் கிடக்கும் ஆறும் ஒரு வாரத்தில் கரை புரளும். ஊர்க்காரர்கள் சொல்லும் உச்ச வெள்ள மட்டத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை மீட்டர் விடுங்கள். வீடு தூணை விட்டு மேலே கழன்றால் அது படகு ஆகிவிடும், ஓட்ட ஆள் இல்லாத படகு. வளையத்தில் தூணைச் சுற்றி 3 செ.மீ. இடைவெளி விட்டு, பிளாஸ்டிக் உருளை வையுங்கள். ஒரு மூலை மட்டும் சிக்கிக்கொண்டு தண்ணீர் ஏறினால் அந்த மூலை முங்கும்.

நம் ஏரிச் சோதனைக்குத் தூண் நட வேண்டாம், நங்கூரக் கல் போதும். காங்கிரீட் கட்டி தண்ணீருக்குள் தன் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இழக்கும், ஒரு டன் கட்டி 580 கிலோதான். நம் ஊர்க் கருங்கல் கொஞ்சம் மேல், ஒரு டன்னுக்கு 630. கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். உராயும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைக் கயிற்றில் மாட்டுங்கள். ஏரி கோடி போகும் பக்கத்தில் தளத்தை நிறுத்தாதீர்கள், இழுத்துக்கொண்டு போகும்.

ஏழாம் படி: கழிப்பறை, தண்ணீர், அடுப்பு

கழிவைத் தண்ணீரில் விடும் மிதக்கும் வீடு ஒன்றுகூட வேண்டாம். வீட்டுக்குக் கீழே இருப்பது மீனவர்கள் வலை போட்டுப் பாடு பார்க்கும் தண்ணீர், இறால் குஞ்சு வளரும் தண்ணீர். சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் உலர் கழிப்பறையே சரி. திருச்சி மாவட்டத்து முசிறியில் பல ஆண்டுகளாக மக்கள் பயன்படுத்தும் முறை இது. போன பிறகு ஒரு கை சாம்பல் போட்டால் நாற்றமும் ஈயும் இருக்காது. பீப்பாய் நிறைந்ததும் மூடிக் கரைக்குக் கொண்டுபோய் ஓராண்டு அப்படியே விட்டு, அப்புறம் தென்னைக்குப் போடலாம். கழுவும் தண்ணீர் தனி வழியில் போக வேண்டும், அது மலத்தில் சேர்ந்தால் முறை கெட்டுவிடும். வயதானவர்கள் உட்காரக் கைப்பிடி வையுங்கள், தளம் ஆடும்.

குடிநீருக்குக் கூரை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 30 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. பெய்த ஒரு நாளில் 1,500 லிட்டர் இறங்கும், ஆனால் அது ஒன்றரை டன் எடை. அதைத் தளத்தின் மேல் வைக்காமல், உணவுத்தர நீர்ப்பையில் நிரப்பித் தளத்துக்கு அடியில் தண்ணீருக்குள்ளேயே தொங்கவிட்டால் வீட்டுக்குப் பாரம் ஏறாது, நன்னீர் உப்பு நீரில் தானே மிதக்கும். பை ஓட்டையானால் உப்பு கலக்கும், அதனால் குடிக்கும் தண்ணீரை மட்டும் மேலே சின்னத் தொட்டியில் வையுங்கள். கழுநீரும் மீன் கழுவும் நீரும் மணல், சரளை போட்ட கல்வாழைத் தொட்டி வழியாக வடியட்டும்.

400 வாட் சோலார், 12 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி இருந்தால் ஐந்து விளக்கு, ஒரு மின்விசிறி, செல்போன், ரேடியோ எல்லாம் ஓடும். கரையிலிருந்து 230 வோல்ட் கம்பி இழுக்காதீர்கள், ஈரத்தளத்தில் அது எமன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தளத்துக்கு அடியில் பீப்பாய்களுக்கு நடுவே போய்த் தேங்கும். சிலிண்டர் வெளித்திண்ணையில், காற்றோட்டமான கூண்டில்தான் இருக்க வேண்டும்.

எட்டாம் படி: ஏரியில் சோதனை

மேல்கட்டடம் போடும் முன் வெறும் தளத்தை இறக்கி, 50 கிலோ மணல் மூட்டைகள் 21 எடுத்து ஓர் ஓரத்தில் அடுக்குங்கள். டியூப் மட்டத்தில் பாருங்கள். கணக்குச் சொல்லும் 10 செ.மீ. அளவில் இறங்கினால் நல்லது, 15-ஐத் தாண்டினால் பீப்பாய் ஏதோ கசிகிறது அல்லது சட்டம் வளைகிறது. அடுத்து ஒரு மூலையில் நான்கு பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். காலையில் அந்த மூலைத் தளம் தண்ணீருக்கு மேல் இருந்தால்தான் குழந்தைகள் தூங்கும் வீட்டை அதன் மேல் கட்டலாம். முடிந்தால் குப்பத்திலிருந்து நாலு பேரை வரவழைத்து, கப்பலை ஆராய்வதுபோல ஆராயச் சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தை மாற்றுங்கள், வாதாடாதீர்கள்.

இதே தளத்தைப் பாதி அளவில் செய்தால் நம் ஏரிகளில் குத்தகை மீனுக்குக் காவல் இருப்பவர்களுக்கும் ஆகும். ஆகாயத்தாமரை வந்து ஒதுங்கி அழுத்தும், வாரம் ஒரு முறை தள்ளிவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: குடிபோன பிறகு

வீட்டுக்கு வீடு தளத்தின் அகலம் அளவாவது இடைவெளி விடுங்கள். நெருக்கி மூடினால் வெளிச்சமும் காற்றும் படாமல் கீழே தண்ணீர் செத்துப்போகும். மாதம் ஒரு முறை கயிறு, வளையம், போல்ட் பார்ப்பது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிப்பி சுரண்டுவது, புரட்டாசியில் எல்லாப் பீப்பாயையும் தட்டிப் பார்ப்பது, இதற்கெல்லாம் ஊரிலேயே இரண்டு இளைஞர்களுக்குப் பயிற்சியும் கூலியும் கொடுங்கள். கட்டும் செலவோடு இந்தக் கூலிக்கும் உதிரிப் பீப்பாய்க்கும் பணம் ஒதுக்காத திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. 2011-ல் தானே, 2016-ல் வர்தா, 2018-ல் கஜா என்று பார்த்துவிட்டோம். முதல் எச்சரிக்கையிலேயே குழந்தைகள், முதியவர்கள், பேட்டரி, சிலிண்டர், கழிப்பறைப் பீப்பாய் கரைக்கு. இரண்டாவதாக எதிர்ச்சுவர்களைக் கழற்றிப் படுக்க வைத்துக் கட்டுவது, நீர்ப்பையை அவிழ்த்துக் கரையேற்றுவது. மூன்றாவதாக ஒவ்வொரு மூலைக்கும் உதிரிக் கயிறு ஒன்று. படகுகளைத் தளத்தில் கட்டாதீர்கள், அவற்றின் இழுவையும் தூணில்தான் விழும். எல்லோரும் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட்டார்களா என்று வீட்டுக்கு வீடு எண்ணிப் பார்க்கும் பொறுப்பை இன்னார் என்று பெயரோடு எழுதி, அந்தத் தாளைத் தளத்தின் வாசல் நிலையில் ஒட்டி வையுங்கள்.